செவ்ரானைக் கொண்டாடியவர்களே அதைக் கவிழ்த்த கதை

2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'செவ்ரான்' கோட்பாட்டைக் கைவிட்டது. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசு முகமை கொள்ளும் பொருளை, அது நியாயமானதாக இருந்தால், நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்பதே அந்தக் கோட்பாடு. அந்நாட்டுப் பழமைவாதக் கருத்தாளர்கள் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத அதிகாரிகள் சட்டத்துக்குத் தாங்களே பொருள் சொல்லி, அதை வைத்தே நாட்டை ஆண்ட காலம் முடிந்தது என்பது அவர்கள் பேச்சின் சாரம். எதிர்த்தரப்புக்கு வேறு கவலை. காற்று, குடிநீர், மருந்து, தொழிலாளர் பாதுகாப்பு எல்லாவற்றிலும் இனி அந்தந்தத் துறை தெரியாத நீதிபதிகள்தான் கடைசி வார்த்தை சொல்வார்கள் என்றார்கள்.

இந்த இரைச்சலில் பழைய வரலாறு பின்னுக்குப் போய்விட்டது. 1984இல் அந்தக் கோட்பாடு பிறந்தபோது வென்றது ரொனால்ட் ரீகனின் அரசு; தோற்றது ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை முன்னின்று காத்தவர், பழமைவாதிகள் இன்றும் தலைமேல் வைத்துப் போற்றும் நீதிபதி அன்டோனின் ஸ்காலியா. அவர்கள் ஏன் மாறினார்கள், மாறிய பிறகு எங்கே வந்து நிற்கிறார்கள் என்று தெரியாமல் இன்றைய அமெரிக்க வலதுசாரிப் பத்திகளைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் சட்டம் இயற்றும் அதிகாரம் அங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உரியது. ஆனால் காங்கிரஸ் பொதுவாகத்தான் எழுதும். காற்று மாசைக் குறைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும். எந்தப் புகைபோக்கியில், எந்த வாயுவை, எத்தனை ஆண்டுகளுக்குள் குறைப்பது என்பதை சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமுறைகளாக எழுதும். விதிமுறை எழுதும் முறையை 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் வகுத்தது. முன்மொழிவை வெளியிட வேண்டும், பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். சரி, சட்டத்தில் உள்ள சொல்லுக்கே இரண்டு பொருள் கொள்ளலாம் என்றால், எது சரி என்று யார் முடிவு செய்வது? முகமையா, நீதிமன்றமா?

1984 வழக்கில் தகராறு இதுதான். 1977இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டப்படி, காற்று மோசமாக உள்ள பகுதிகளில் புதிதாக மாசு 'மூலம்' எதையாவது அமைத்தாலோ மாற்றினாலோ கடுமையான அனுமதி தேவை. மூலம் என்றால் ஆலையில் உள்ள ஒவ்வொரு உலையுமா, அல்லது மொத்த ஆலையுமா? ஜிம்மி கார்ட்டர் காலத்து முகமை ஒவ்வொன்றும்தான் என்றது. 1981இல் ரீகன் ஆட்கள் வந்து, மொத்த ஆலையையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அதாவது, ஓரிடத்தில் கூடும் புகையை இன்னோரிடத்தில் குறைத்துக் கணக்கை நேர்செய்துவிட்டால் புது அனுமதி வேண்டாம். ஆலை முதலாளிகளுக்கு இது வசதி. சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 1982இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் தாராளவாதிகளின் அடையாளமாக விளங்கிய அதே கின்ஸ்பர்க்.

அப்போது அந்த முகமையின் தலைவர் ஆன் கோர்சச் என்ற பெண்மணி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்கின் பெயரிலேயே பிரதிவாதியாக அவர் பெயர் இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு செவ்ரான் எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் நடந்தது; கோட்பாட்டின் பெயர் அங்கிருந்து வந்தது. விதிமுறைகளைக் குறைக்க வேண்டும் என்பதில் ரீகனைவிடவும் தீவிரமானவர். நச்சுக் கழிவு அகற்றும் நிதி பற்றிய ஆவணங்களைக் காங்கிரசுக்குத் தர மறுத்த பிரச்சினையில் சிக்கி 1983 மார்ச்சில் பதவி விலகினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அவர் போட்ட விதிமுறை வென்றது. ஆறு நீதிபதிகள் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். மற்ற மூவர் பங்கேற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். சட்டம் தெளிவாக இருந்தால் அதுவே இறுதி. தெளிவாக இல்லாவிட்டால், முகமை கொள்ளும் பொருள் நியாயமானதாக இருக்கும்வரை நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும், தான் வேறு பொருள் கொண்டிருக்கும் என்றாலும்கூட. நீதிபதிகள் அந்தத் துறையின் நிபுணர்கள் அல்லர். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அல்லர். முகமையோ தேர்தலில் வென்ற அதிபரின் கீழ் இயங்குகிறது. ஸ்டீவன்ஸ் சொன்ன காரணம் இது.

பழமைவாதிகளுக்கு இது பிடித்ததில் வியப்பில்லை. 1970களில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்த நீதிபதிகளே பெரும்பான்மை. இன்னும் கடுமையாக விதி போடுங்கள் என்று முகமைகளை அவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1980 தேர்தலில் 44 மாநிலங்களை வென்று வந்த ரீகன் விதிகளைத் தளர்த்த முயன்றபோது குறுக்கே நின்றதும் இதே நீதிபதிகள்தான். ஆகவே, 'நீதிபதியே, ஒதுங்கி நில்லும்' என்ற முழக்கம் அன்றைக்கு வலதுசாரி முழக்கம்.

ஸ்காலியா இதற்கு ஒரு தத்துவ வடிவம் கொடுத்தார். 1989இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், செவ்ரானின் பயன் அதன் தெளிவு என்றார். சட்டத்தில் இடைவெளி விட்டால் அதை முகமைதான் நிரப்பும் என்று காங்கிரசுக்கு முன்கூட்டியே தெரியும். வேண்டாம் என்றால் தெளிவாக எழுதட்டும். அதிபர் மாறினால் கொள்கை மாறும். அது குறையல்ல, தேர்தலின் விளைவு. அதோடு இன்னொன்றும் சொன்னார். என்னைப் போல் சட்டத்தின் சொல்லை ஊன்றிப் படிப்பவனுக்குப் பெரும்பாலான இடங்களில் பொருள் தெளிவாகவே தெரியும், எனவே முகமைக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய சந்தர்ப்பம் குறைவாகவே வரும் என்றார். இது மோசமான வாதம் அல்ல என்பதே என் கருத்து. இன்று அதை ஏதோ இளமைக்காலத் தவறுபோலப் பழமைவாதிகள் கடந்து போவது ஸ்காலியாவுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பிறகு என்ன மாறியது? நீதிமன்றம் மாறியது என்பது எளிதான பதில். குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்த நீதிபதிகள் பெருகப் பெருக, நீதிமன்றத்தை ஒதுங்கச் சொல்ல வேண்டிய தேவை வலதுசாரிகளுக்குக் குறைந்தது. டிரம்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகராக இருந்த டான் மெக்கான், நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் விதிமுறைகளைக் குறைப்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று 2018இல் பழமைவாதிகளின் மாநாட்டு மேடையிலேயே சொன்னார். ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் பழமைவாதிகளின் நேர்மையான பாதியைத் தவறவிட்டுவிடுவோம்.

இணையச் சேவை பற்றிய சண்டையைப் பாருங்கள். கம்பிவட நிறுவனங்கள் தரும் இணையம் தொலைபேசிச் சேவையைப் போன்றதா, வெறும் தகவல் சேவையா? முதலாவது என்றால் கடும் கட்டுப்பாடு. இரண்டாவது என்றால் ஏறக்குறைய சுதந்திரம். 2002இல் தகவல் தொடர்பு ஆணையம் தகவல் சேவை என்றது. 2005இல் உச்ச நீதிமன்றம் செவ்ரானைக் காட்டி அதை ஏற்றது. ஒபாமா காலத்தில், 2015இல், ஆணையம் தலைகீழாக மாற்றியது. 2017இல் டிரம்ப் ஆட்கள் பழையபடி திருப்பினார்கள். 2024இல் பைடன் ஆட்கள் மறுபடியும் புரட்டினார்கள். இத்தனைக்கும் 1996இல் காங்கிரஸ் எழுதிய சட்டத்தில் இந்த இடத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரே வாக்கியத்துக்கு நான்கு வருடத்துக்கு ஒரு பொருள் என்றால், அந்த வாக்கியம் சட்டமா? பழமைவாதிகள் இப்படிக் கேட்டபோது மறுதரப்பிடம் நல்ல பதில் இருக்கவில்லை. கடைசியில் 2025 ஜனவரியில், செவ்ரான் போன பிறகு, ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இது தகவல் சேவைதான் என்று முடித்துவைத்தது.

2005 தீர்ப்பை எழுதியவர் இன்னொரு பழமைவாத நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸ். நீதிமன்றம் ஏற்கனவே பொருள் சொல்லிவிட்ட சட்டத்துக்கும் முகமை பிறகு வேறு பொருள் கொள்ளலாம் என்ற அளவுக்கு அந்தத் தீர்ப்பு போனது. ஸ்காலியா அப்போது எதிர்த்தார். 2020இல் தாமசே தன் பழைய தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாக எழுதினார். இடையில் 2013இல் இன்னொரு வழக்கு. அதில் ஸ்காலியா முகமையின் பக்கம். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், நீதிபதிகள் கென்னடி, அலிட்டோ எதிர்ப்பக்கம். நிர்வாக முகமைகளின் வளரும் அதிகாரத்தை அலட்சியம் செய்ய முடியாது என்று ராபர்ட்ஸ் எச்சரித்தார். 2015 வாக்கில் ஸ்காலியாவே, 1946 சட்டத்தின் மூல அமைப்பைக் கவனிக்காமல் நாம் இந்த விட்டுக்கொடுக்கும் மரபைக் கட்டிவிட்டோமோ என்ற தொனியில் எழுதத் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார்.

அவர் இடத்துக்கு வந்தவர் நீல் கோர்சச், ஆன் கோர்சச்சின் மகன். தாயின் விதிமுறையைக் காத்த கோட்பாட்டை மகன் எதிர்த்தார் என்பதைப் பலரும் குடும்பக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் எந்த வழக்கில் எதிர்த்தார் என்பது. 2016 ஆகஸ்டில், டென்வர் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக அவர் எழுதியது ஒரு குடியேறியின் வழக்கில். நீதிமன்றம் முன்பு சொன்ன பொருளை நம்பி அந்த மனிதர் விண்ணப்பித்தார். பிறகு குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் வேறு பொருள் சொல்லி, அதை அவருக்கும் பின்தேதியிட்டுப் பொருத்தப் பார்த்தது. இதில் பெரிய கம்பெனி யாரும் இல்லை. அரசின் பலத்துக்கு முன் ஒரு தனிமனிதர், அவ்வளவுதான். நீதிமன்றத்துக்கும் காங்கிரசுக்கும் உரிய அதிகாரத்தை நிர்வாகம் விழுங்க இந்தக் கோட்பாடு வழிவிடுகிறது என்று கோர்சச் அதில் எழுதினார். பழமைவாத விமர்சனம் எங்கே உண்மையிலேயே வலிமையானது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தப் பக்கங்களைத்தான்.

2024இல் செவ்ரானைக் கவிழ்த்த வழக்கு அவ்வளவு தூய்மையான உதாரணம் அல்ல. நியூ ஜெர்சியின் கேப் மே துறைமுகத்து ஹெர்ரிங் மீன்பிடி நிறுவனங்கள் தொடுத்தது. பிடிக்கும் மீனைக் கண்காணிக்கப் படகில் ஒரு பார்வையாளரை ஏற்ற வேண்டும் என்று முகமை சொல்லலாம். சட்டம் அதை அனுமதித்தது. அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதில் அந்த மீன்பிடியைப் பற்றிச் சட்டம் மௌனம். 2020 விதிமுறை படகுக்காரர் தலையில் கட்டியது. நாளொன்றுக்கு 710 டாலர் வரை ஆகலாம் என்பது மதிப்பீடு. கேட்டாலே அநியாயமாகப் படும். ஆனால் அந்தத் திட்டம் 2023இலேயே நிறுத்தப்பட்டது, செலவும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வழக்கை நடத்திய வழக்கறிஞர்கள், பெரும் பணக்காரத் தொழிலதிபர்களான கோக் சகோதரர்களின் அரசியல் வலைப்பின்னலைச் சேர்ந்தவர்கள். மீனவர்களின் குறை உண்மை; வழக்கின் குறி மீனைவிடப் பெரியது என்பதும் உண்மை.

ராபர்ட்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு 1946 சட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. சட்டக் கேள்விகளை நீதிமன்றமே தீர்மானிக்கும் என்று அது சொல்கிறது, அப்படியிருக்க எதற்கு முகமைக்குப் பணிந்து போவது? தாராளவாத நீதிபதி எலெனா கேகன் எதிர்த்தார். ஓர் அமினோ அமிலத் தொடர் எந்தக் கட்டத்தில் 'புரதம்' ஆகிறது, வாஷிங்டன் மாநிலத்து அணில்கள் தனி இனக்கூட்டமா என்றெல்லாம் இனி நீதிபதிகள் முடிவு செய்வார்களா என்று கேட்டார். அதற்கு முந்தைய நாள்தான் உச்ச நீதிமன்றம் காற்று மாசு வழக்கொன்றில் வெளியிட்ட தீர்ப்பில், புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குப் பதிலாக மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடின் பெயர் பலமுறை இடம்பெற்றிருந்தது, பிறகு திருத்தினார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் கோர்சச். கேகனின் பயம் வெறும் பயம் அல்ல.

இதனால் உலகம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நம்மவர்களைத் தொடும் ஓர் உதாரணம் உண்டு. எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை செய்து, கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களின் கணவனோ மனைவியோ வேலை பார்க்கலாம் என்ற அனுமதியை 2015இல் ஒபாமா அரசு தந்தது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரண்டாவது சம்பளம் இதனால்தான் வருகிறது. அது காங்கிரஸ் இயற்றிய சட்டம் அல்ல, துறை எழுதிய விதிமுறை. எச்-1பி ஆட்களிடம் தங்கள் வேலையை இழந்ததாகச் சொல்லும் கலிபோர்னியா கணினி ஊழியர்களின் அமைப்பு ஒன்று அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. செவ்ரான் போனதும் இந்த அனுமதியும் போய்விடும் என்று பலர் பயந்தார்கள். 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதிமுறையைக் காத்தது. இதே போன்ற இன்னொரு வழக்கில் அந்த நீதிமன்றமே முன்பு தந்த தீர்ப்பு செவ்ரானின் தயவில் நிற்கவில்லை, சட்டத்தையே படித்துச் சொன்னது என்பது அதன் காரணம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆனால் துறை எழுதியதைத் துறையே அழிக்கலாம் என்ற ஆபத்து அப்படியே இருக்கிறது.

இனி 2025க்கு வருவோம். முகமைகளிடம் அதிகாரம் குவிந்துவிட்டது என்பதில் பழமைவாதிகள் எல்லாரும் ஒன்று. அதைப் பிடுங்கி யாரிடம் கொடுப்பது என்பதில் அவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். காங்கிரசிடமும் நீதிமன்றத்திடமும் திரும்ப வேண்டும் என்பது ஒரு தரப்பு. அதிபர் கையில் சேர வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பின் வாதத்துக்கும் வேர் உண்டு. நிர்வாக அதிகாரம் முழுவதும் அதிபருக்கே என்று அரசியலமைப்பு சொல்கிறது என்பார்கள்; 1988இல் ஸ்காலியா தன்னந்தனியாக எழுதிய மறுப்புத் தீர்ப்பு அவர்களுக்கு வேதம். 2025 பிப்ரவரி 18 அன்று டிரம்ப் பிறப்பித்த ஆணை, சுயேச்சையான ஆணையங்களும் தம் விதிமுறைகளை வெள்ளை மாளிகையிடம் காட்ட வேண்டும் என்றது. சட்டத்தின் பொருளைப் பற்றி அதிபரும் அட்டர்னி ஜெனரலும் சொல்வதே நிர்வாகத்தில் எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. தொழிலாளர் உறவு வாரியம், வணிக ஆணையம் ஆகியவற்றின் உறுப்பினர்களைப் பதவிக்காலம் முடியுமுன்பே அவர் நீக்கினார். அதிகாரிகளிடமிருந்து அதிகாரம் போனது உண்மை. காங்கிரசுக்கு அதில் துளியும் வந்து சேரவில்லை.

இறக்குமதி வரிதான் இந்தப் பிளவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் டிரம்ப் ஏறக்குறைய எல்லா உலக நாடுகள் மீதும் வரி போட்டது 1977ஆம் ஆண்டின் நெருக்கடிக்காலப் பொருளாதாரச் சட்டத்தை வைத்து. இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்று அதில் இருக்கிறது. வரி என்ற சொல்லே இல்லை. தெளிவில்லாத பழைய சட்டத்தில் புதிய மாபெரும் அதிகாரத்தைக் கண்டுபிடிப்பது என்ற, ஒபாமா மீதும் பைடன் மீதும் பழமைவாதிகள் வைத்த குற்றச்சாட்டு இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. செவ்ரானைக் கவிழ்த்த வழக்குகளில் ஒன்றை நடத்திய நியூ சிவில் லிபர்ட்டீஸ் அலையன்ஸ் என்ற அமைப்பே வரியை எதிர்த்து முதலில் நீதிமன்றம் போனது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தலையங்கப் பக்கம், கனடா, மெக்சிகோ மீதான வரியை வரலாற்றிலேயே மிக முட்டாள்தனமான வணிகப் போர் என்று ஜனவரி இறுதியிலேயே கண்டித்திருந்தது. இவர்களை நான் மதிக்கிறேன். தங்கள் கட்சி அதிபர் என்பதற்காக அளவுகோலை மாற்றாதவர்கள். மே 28 அன்று வணிக நீதிமன்றத்தின் மூவர் அமர்வு வரிக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த மூவரில் டிரம்ப் நியமித்தவரும் ஒருவர். ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7–4 என்ற கணக்கில் அதை ஏற்றது.

நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதத்தில் கோர்சச் அரசு வழக்கறிஞரிடம் கேட்ட கேள்வி முழு விவகாரத்தின் மையத்தையும் தொட்டது. காங்கிரஸ் ஒருமுறை அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் எப்படித் திரும்பப் பெறும்? 1983க்கு முன் ஒரு சபை தீர்மானம் போட்டே அதிபரின் செயலைத் தடுக்கும் வழி பல சட்டங்களில் இருந்தது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதன் பிறகு அதிபர் ஒப்பாவிட்டால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கொடுப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். வாங்குவதற்கு அது போதாது. அதிகாரம் ஒரே திசையில், மக்கள் பிரதிநிதிகளிடமிருந்து அதிபரை நோக்கியே நகர்ந்துகொண்டிருக்கும் என்று கோர்சச் சுட்டிக்காட்டினார்.

ஆனால் காங்கிரசின் கை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் சரியல்ல. பொருளாதாரத்தில் பெரிய விளைவை உண்டாக்கும் விதிமுறை எதுவும் இரு அவைகளும் ஒப்பினால்தான் செல்லும் என்ற மசோதாவைக் குடியரசுக் கட்சியினர் 2011இலிருந்து பிரதிநிதிகள் சபையில் பலமுறை நிறைவேற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அது செனட்டைத் தாண்டவில்லை; அங்கே பொதுவாக 60 ஓட்டு இல்லாமல் மசோதா நகராது. வரி விஷயத்திலோ அந்தத் தடைகூட இல்லை. நெருக்கடி நிலையை முடிக்கும் தீர்மானத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஓட்டெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏப்ரல் 30 அன்று செனட்டில் அப்படிப்பட்ட தீர்மானம் 49–49 என்று சமமாகி விழுந்தது. பிரதிநிதிகள் சபையில் 2025இல் ஓட்டெடுப்பே நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கனடா, மெக்சிகோ வரிக்கு ஆதாரமான நெருக்கடி அறிவிப்பைப் பொறுத்தவரை, அந்தக் கூட்டத்தொடரில் மிச்சமிருக்கும் நாட்கள் எதுவும் நாள்காட்டி நாளாகக் கணக்கில் வராது என்று 2025 மார்ச் 11 அன்று குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை விதி இயற்றிக்கொண்டது. ஓட்டுக்கான கெடு ஓடத் தொடங்கவே இல்லை.